படகில் ஓட்டை போட்டவர்கள்

வேண்டுமென்றே ஓட்டை போட்ட படகை யாராவது வாங்குவார்களா? வாங்குகிறார்கள். இன்று கடைகளில் விற்கும் சிறிய மோட்டார் படகுகளில் பெரும்பாலானவற்றின் பின் பலகையில், தளத்தின் மட்டத்தை ஒட்டி, இரண்டு துளைகளாவது இருக்கும். ஸ்கப்பர் என்பார்கள். நாம் வடிதுளை என்று வைத்துக்கொள்வோம். அலை அடித்து உள்ளே வந்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் தானாக வெளியே போய்விட வேண்டும், யாரும் குனிந்து கோரி ஊற்ற வேண்டியதில்லை என்பதுதான் ஏற்பாடு.

படகு வாங்கியவர் முதல் தடவை நண்பர்களை ஏற்றிக்கொண்டு போவார். மீன் மாட்டியதும் மூன்று பேர் பின்பக்கம் ஓடுவார்கள். அப்போது பார்த்தால் கணுக்கால் நனைகிறது. வெளியே போகத்தான் துளை, அது வழியாகவே கடல் உள்ளே வருகிறது! பதறிப்போய் துணியைச் சுருட்டி அடைப்பவர்கள் உண்டு. இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. சில சமயம் இருவருமே தப்புதான் செய்கிறார்கள். ஏன் என்று பார்ப்பதற்கு இந்தத் துளையின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஃபைபர் படகுக்கும் அவுட்போர்டு எஞ்சினுக்கும் ரொம்ப முந்தைய கதை அது. பலர் செத்துப்போன ஒரு நாளிலிருந்து தொடங்குகிறது.

1849 டிசம்பர் 4. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆறு கடலில் கலக்கும் இடம், சவுத் ஷீல்ட்ஸ். 'பெட்ஸி' என்ற இரண்டு பாய்மரக் கப்பல் தரை தட்டி நிற்கிறது. அதில் இருப்பவர்களைக் காப்பாற்ற 'பிராவிடன்ஸ்' என்ற உயிர்காப்புப் படகு போகிறது. படகில் 24 பேர். எல்லோரும் அந்த முகத்துவாரத்தைக் கரைத்துக் குடித்த பைலட்டுகள். அலை படகைப் புரட்டிப் போட்டது. 20 பேர் திரும்பி வரவில்லை.

கவனிக்க வேண்டியது, உயிர்காப்புப் படகு பிறந்த ஊரே அதுதான். ஹென்றி கிரேட்ஹெட் 1790-இல் கட்டி இறக்கிய 'ஒரிஜினல்' அந்தக் கரையில்தான் ஓடியது. அதில் தக்கையை வைத்துக் கட்டியிருந்தார்கள், அதனால் தண்ணீர் நிரம்பினாலும் மூழ்காது. ஆனால் மூழ்காமல் இருப்பது வேறு, தண்ணீரை வெளியே தள்ளுவது வேறு. விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய ஒரு படகு மிதக்கும், அவ்வளவுதான். துடுப்பு போட முடியாது, திருப்ப முடியாது. உள்ளே இருக்கும் தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வை இன்னும் அதிகமாக்கும். அடுத்த அலைக்கு அது சும்மா ஒரு கட்டை.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு நார்தம்பர்லாண்ட் கோமகன் ஒரு போட்டி அறிவித்தார். சிறந்த உயிர்காப்புப் படகின் மாதிரிக்கு 100 கினி பரிசு. 1851-இல் வந்து குவிந்த மாதிரிகளும் வரைபடங்களும் 280! ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்கூட அனுப்பினார்கள். நடுவர் குழு ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வாரியாக மதிப்பெண் போட்டது. துடுப்பில் எப்படி ஓடும், பாயில் எப்படி ஓடும், கவிழ்ந்தால் தானே நிமிருமா என்ற தலைப்புகளோடு, உள்ளே வந்த தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியேறும் என்பதும் ஒரு தனித் தலைப்பு. எனக்கு இந்தப் போட்டியில் பிடித்த விஷயமே இதுதான். அதுவரை தண்ணீர் இறைப்பது படகோட்டியின் வேலை. ஒரு வாளி, ஒரு ஆள், விஷயம் முடிந்தது. 1851-இல் அது படகு கட்டுபவனின் வேலையாக மாறுகிறது.

பரிசு கிரேட் யார்மத் ஊரின் படகு கட்டும் ஜேம்ஸ் பீச்சிங்குக்குப் போனது. பிறகு வுல்விச் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் பீக் என்பவர் மற்ற மாதிரிகளில் இருந்த நல்லதையும் சேர்த்து ஒரு வடிவத்தை உருவாக்கினார். அதுவே பல பத்தாண்டுகளுக்கு பிரிட்டிஷ் உயிர்காப்புப் படகுகளின் பொது வடிவம் ஆனது.

அந்தப் படகு தண்ணீரை எப்படி வெளியேற்றியது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

படகுக்குள் ஒரு நீர்புகாத தளம். அந்தத் தளம், படகு முழு ஆட்களோடு மிதக்கும்போது வெளியே கடல் மட்டம் எங்கே நிற்குமோ அதைவிடச் சற்று உயரத்தில். தளத்திலிருந்து படகின் அடிவரை நேராகக் கீழே இறங்கும் குழாய்கள், ஒவ்வொன்றும் சுமார் 6 அங்குல விட்டம். ஆமாம், படகின் அடியில் 6 அங்குல ஓட்டைகள்! கடல் அந்தக் குழாய்க்குள் ஏறும், ஆனால் வெளியே கடல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரைதான் ஏறும். தளம் அதற்கு மேலே இருப்பதால் குழாயின் வாய்க்குத் தண்ணீர் வராது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர் தெரிகிற மாதிரி, அந்தத் தளத்தில் நின்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கீழே கடல் தெரியும். ஓர் அலை தளத்தின் மேல் விழுந்துவிட்டால், உள்ளே தண்ணீர் மட்டம் வெளியே உள்ளதைவிட உயரம். அதனால் தண்ணீர் குழாய் வழியாகக் கடலுக்கே திரும்பிப் போகும். பம்பு வேண்டாம், ஆள் வேண்டாம். குழாயில் கீழ்நோக்கி மட்டும் திறக்கும் ஒரு மூடியையும் வைத்தார்கள், அலையில் படகு குதிக்கும்போது கடல் கீழிருந்து பீய்ச்சி அடிக்காமல் இருக்க.

இதில் இரண்டு ஏற்பாடுகள் இருப்பதைப் பாருங்க. ஒன்று, தளத்தின் உயரம். இன்னொன்று, மூடி. முதலாவதுதான் ஆள், இரண்டாவது எடுபிடி. மூடி இல்லாவிட்டாலும் அமைதியான கடலில் அந்தப் படகு வடியும். ஆனால் தளம் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் படகு வடியாது. மூடி கடலை உள்ளே விடாமல் தடுக்கும், சரி. உள்ளே ஏற்கெனவே வந்துவிட்ட தண்ணீரும் அதே மூடிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். துளைக்குத் திசை கிடையாது. உள்ளே உயரமா வெளியே உயரமா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. இந்த ஒரு விஷயத்தை மறந்ததுதான் பின்னால் வந்த முக்கால்வாசிச் சிக்கல்களுக்குக் காரணம்.

அதே காலத்தில் வேறொரு கட்சியும் இருந்தது. தண்ணீரை வெளியேற்றுவது எப்படி என்று யோசிப்பதைவிட, தண்ணீர் தங்குவதற்கு இடமே கொடுக்காவிட்டால் என்ன? வேல்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸன் குடும்பத்தார், தந்தையும் மகனும், இரண்டு நீண்ட குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே திறந்த சட்டங்களாலான மேடை போட்டு ஒரு படகு கட்டினார்கள். 'சேலஞ்சர்' என்று பெயர். அலை மேலே விழுந்தால் சட்டங்களின் இடைவெளி வழியாக அப்படியே கீழே போய்விடும். தளம் முழுக்க வடிதுளை என்றே சொல்லலாம். ஈரமாக இருக்கும், ஆனால் நிரம்பவே நிரம்பாது. வேல்ஸின் ரில் கரையில் இந்த வகைப் படகுகளை 1856-லிருந்து ஏறத்தாழ 1939 வரை பயன்படுத்தினார்கள்.

படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருக்கும். நம்ம கட்டுமரம்! ரிச்சர்ட்ஸன்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இரண்டின் தர்க்கமும் ஒன்று. கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் இடுக்குகளில் கடல் ஏறும், இறங்கும். தண்ணீர் இறைக்கும் வேலையே இல்லை.

சென்னைக் கரையில் இந்த இரண்டு வழிகளும் ஒரே காட்சியில் நின்றன. துறைமுகம் கட்டுவதற்கு முன்பு, நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த பலகைகள். அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. அதற்கு விலை, தையல் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். இறைப்பதற்கென்றே ஆள் வேண்டும். பக்கத்திலேயே கட்டுமரங்கள் துணைக்கு வரும். மசூலா கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்த துரையைத் தூக்கிப் போடுவது கட்டுமரக்காரரின் வேலை. தண்ணீரைத் தாங்க முடியாத படகுக்கு, தண்ணீரைப் பற்றிக் கவலையே படாத ஒன்று காவல்.

நார்ஃபோக், சஃபோக் கடற்கரைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அவர்களுடைய பெரிய பாய்மர உயிர்காப்புப் படகுகளில், கடலில் இறங்கியதும் அடியில் இருக்கும் அடைப்பான்களைப் பிடுங்கித் தண்ணீரை உள்ளே விடுவார்கள். அதுதான் பாரச்சுமை. வெளியே உள்ள மட்டத்துக்கு உள்ளே ஏறி நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. நம் மோட்டார் படகுக்காரர் பார்த்தால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார். ஆனால் காற்றறைகளும் தக்கையும் அந்தத் தண்ணீர் எடைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்தவை. தண்ணீர் உள்ளே வருவது தானாக ஆபத்து இல்லை, கணக்கில் இல்லாத தண்ணீர்தான் ஆபத்து.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

1904-இல் பிரிட்டனில் ஒரு பழைய துடுப்பு உயிர்காப்புப் படகில் பெட்ரோல் எஞ்சின் வைத்துச் சோதனை செய்தார்கள். 'ஜே. மெக்கானல் ஹஸி' என்பது அதன் பெயர். அடுத்த வருடம் அதை டைன் முகத்துவாரத்துக்கே அனுப்பினார்கள். தண்ணீர் என்பது வெறும் எடை என்ற நிலை அதோடு போயிற்று. எஞ்சினுக்குத் தண்ணீர் ஆகாது, அதனால் அதற்கு நீர்புகாத ஒரு பெட்டி வேண்டும்.

பெரிய திருப்பம் வேறு இடத்தில் நடந்தது. 1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் தன் அவுட்போர்டு எஞ்சினை விற்கத் தொடங்கினார். ஒன்றரைக் குதிரைத்திறன், 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. எந்தத் துடுப்புப் படகின் பின் பலகையிலும் மாட்டி இறுக்கிவிடலாம். ஏழைக்கும் மோட்டார் படகு! ஆனால் இந்த வசதிக்குள் இரண்டு வினைகள் ஒளிந்திருந்தன. எடை முழுவதும் படகின் கடைசி ஓரத்தில் தொங்குகிறது. அதோடு, சுழலி தண்ணீருக்குள் இருக்க வேண்டுமென்பதால் பின் பலகை உயரமாக இருக்கக் கூடாது. 15 அங்குலம், பிறகு 20 அங்குலம் என்று தண்டின் நீளத்துக்கு ஏற்பப் பலகையின் நடுவை வெட்டினார்கள். படகின் மிகத் தாழ்ந்த இடமும் மிகக் கனமான இடமும் ஒன்றாகிவிட்டன. வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின்னால் துரத்தி வரும் நம் அலையே அந்த வெட்டு வழியாக உள்ளே ஏறும்.

அதற்கு மருந்தாக வந்தது எஞ்சினுக்கு முன்னால் ஒரு தொட்டி. பின் பலகையைத் தாண்டி வரும் தண்ணீர் அந்தத் தொட்டியில் விழும், தொட்டியின் அடியில் உள்ள துளை வழியாக வெளியே போகும். அதாவது பீச்சிங்கின் தளம் ஒரு தொட்டி அளவுக்குச் சுருங்கிப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

இடையில் ஒரு சின்னக் கிளைக்கதை. டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம், 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வாங்கியவர். அவர் பெயரில் ஒரு வடிகருவி புகழ்பெற்றது. படகின் அடியில் ஒரு துளை, அதில் கீழே நீட்டிக்கொள்ளும் ஆப்பு வடிவப் பெட்டி. படகு ஓடும்போது அந்த ஆப்பின் பின்னால் அழுத்தம் குறையும், உள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். தளம் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தாலும் வடியும்! ஆனால் படகு நின்றால் அதே துளை வழியாகக் கடல் உள்ளே வரும், அதனால் உடனே மூட வேண்டும். மோட்டார் படகுக்காரர்கள் ஓடும்போது பின்பக்க அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை வடியவிடும் பழக்கமும் இதே கொள்கைதான். வேகமாக ஓடும் படகின் பின் பலகைக்குப் பின்னால் தண்ணீர் விலகிப் போய்விடும். எஞ்சின் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதை அடைப்பானைப் பிடுங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

1958-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் ரிச்சர்ட் ஃபிஷர் என்பவர் 'பாஸ்டன் வேலர்' என்ற படகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 13 அடிச் சொச்சம் நீளம். வடிவத்தில் ரே ஹன்ட் உதவினார். உள்ளுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என இரண்டு ஃபைபர் ஓடுகள், நடுவில் பாலியூரித்தேன் நுரை. அதற்கு அவர்கள் செய்த விளம்பரம் கடல் உலகத்தில் இன்றும் பேசப்படுகிறது. படகில் உட்கார்ந்தபடியே அதை நடுவில் ரம்பத்தால் அறுத்தார்கள். 1961-இல் 'லைஃப்' பத்திரிகையில் படம் வந்தது. இரண்டு பாதிகளும் மிதந்தன. எஞ்சின் இருந்த பாதியை ஓட்டிக்கொண்டே போனார்கள்.

நுரை இருப்பதால் தளத்தைக் கடல் மட்டத்துக்கு மேலே வைக்க முடிந்தது. அடைப்பானைக் கழற்றிவிட்டுக் கட்டிப் போட்டால் மழைத் தண்ணீர் தானாகப் போய்விடும். பின்பக்கக் குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், கவலை இல்லை. 1851-இன் கொள்கை அப்படியே, தக்கைக்குப் பதில் நுரை.

ஆனால் அந்தத் துளை ஒரு ஓட்டிலிருந்து இன்னொரு ஓட்டுக்கு நுரையைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும் அல்லவா? அதற்குப் பித்தளைக் குழாய் போட்டார்கள். முனைகளை விரித்து மடக்கியிருப்பார்கள். இருபது, முப்பது வருட உப்புத் தண்ணீரில் பித்தளை அரித்துப் போகிறது, அல்லது மடக்கிய ஓரம் விரிசல் விடுகிறது. தண்ணீர் வெளியேயும் போவதில்லை, தளத்துக்கும் வருவதில்லை. இரண்டு ஓடுகளுக்கும் நடுவில் நுரைக்குள் போய்த் தங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. படகு வருடத்துக்கு வருடம் கனமாகிக்கொண்டே போகும், தளம் தாழும், ஒருநாள் வடிதுளை கடல் மட்டத்துக்குக் கீழே. பழைய வேலர் வாங்குபவர்கள் முதலில் தராசில் ஏற்றிப் பார்ப்பது இதனால்தான்.

எடையைப் பற்றிப் பேசும்போது, இந்தக் கதையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பாத்திரம் வருகிறது: காற்று மாசு பற்றிய ஒரு சட்டம். 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை படகு எஞ்சின்களுக்கு விதி கொண்டுவந்தது. 1998-லிருந்து படிப்படியாக, 2006-க்குள் புதிய எஞ்சின்களின் ஹைட்ரோகார்பன் புகையை 75 சதவீதம் குறைக்க வேண்டும். நல்ல விதி. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் குடித்த எரிபொருளில் ஒரு பங்கை எரிக்காமலேயே ஏரியில் துப்பின. அவற்றின் இடத்துக்கு ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தது. சத்தம் குறைவு, புகை குறைவு, ஆனால் எடை கூட. 1960-களின் 40 குதிரைத்திறன் எஞ்சின் சுமார் 60, 70 கிலோ. இன்றைய 40 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட 100 கிலோ. முன்பு கட்டிய படகு அப்படியேதான் இருக்கிறது, வடிதுளையும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

வெறும் முப்பது, நாற்பது கிலோதானே, ஒரு பள்ளிப் பையன் எடை, அது என்ன செய்யும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகு தண்ணீரைத் தொடும் பரப்பை 4 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம் உள்ள ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 சதுர மீட்டர். 35 கிலோவை நடுவில் வைத்தால் படகு முழுவதும் 7 மில்லிமீட்டர் இறங்கும். கண்ணுக்கே தெரியாது. அதே 35 கிலோவைக் கடைசி ஓரத்தில் வைத்தால்? படகு இறங்குவது மட்டுமில்லை, பின்னால் சாயவும் செய்கிறது. பெட்டி வடிவத்துக்கு, ஓரத்தில் வைத்த எடை அந்த ஓரத்தை நான்கு மடங்கு இறக்கும். 28 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கும் மேல். இனி 75 கிலோ மனிதர் ஒருவர் எஞ்சினைப் பார்க்கப் பின்னால் போகிறார், இன்னும் 60 மில்லிமீட்டர். பின் மூலையில் 25 கிலோ பேட்டரி ஒன்று, அது ஒரு 20. மொத்தம் பத்துச் சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. நிஜப் படகு பெட்டி இல்லை, எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் நான்கு மடங்கு என்ற வாசனை மாறாது.

பத்துச் சென்டிமீட்டர் கீழே போன ஒரு 25 மில்லிமீட்டர் துளை வழியாக நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர் உள்ளே வரும். தளத்தில் 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 200 கிலோ. அந்த 200 கிலோவும் சாய்ந்த பக்கம், அதாவது பின்பக்கம்தான் போய்ச் சேரும். பின்பக்கம் இன்னும் தாழும், துளை இன்னும் ஆழமாகும். எங்கே நிற்கும் இது? வேலர் மாதிரி நுரை நிரப்பிய படகில் உள்ளேயும் வெளியேயும் மட்டம் சமமாகும்போது நின்றுவிடும். கணுக்கால் நனையும், உயிர் போகாது. நுரையும் இல்லாமல் முன்பின் தடுப்பும் இல்லாமல் இருந்தால் நிற்காமலும் போகலாம். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் தண்ணீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்ற விதி 1970-களின் கடைசியில் வந்ததன் பின்னணியும் இதுதான். அதற்கு முன் நிரம்பிய படகுகள் எஞ்சின் பக்கம் செங்குத்தாகத் தொங்கின, அணியம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் பிடித்துத் தொங்க முடியும்?

அப்போ அடைத்துவிட்டால் என்ன? அடைக்கலாம். நிறைய சாமான் விற்கிறார்கள். துளைக்கு வெளியே ரப்பர் மடல். கூண்டுக்குள் ஒரு பந்து, வெளியே தண்ணீர் ஏறினால் பந்து மிதந்து துளையை மூடும், இறங்கினால் திறக்கும். பீச்சிங்கின் மூடிக்குக் கொள்ளுப்பேரன்கள். கடலில் இறங்கியவர்களுக்கு இவற்றின் எதிரி யாரென்று தெரியும்: ஒரு மீன் செதில், அறுந்த தூண்டில் நரம்பு ஒரு துண்டு, ஒரு இலை. அது மடலுக்கு நடுவில் மாட்டினால் போதும், இரவு முழுக்கக் கசியும். ரப்பர் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் விறைத்துச் சுருண்டுவிடும். சுழற்றி இறுக்கும் அடைப்பான் போட்டால் கடல் வராது, ஆனால் மழையும் போகாது. துறையில் கட்டிப் போட்ட படகுக்கு, ஒரு இரவு பெய்யும் கனமழை வெளியேற வழி இல்லாமல் போவது கடல் உள்ளே வருவதைவிட மோசம்.

தளத்துக்கு மேலே வரும் தண்ணீராவது கண்ணுக்குத் தெரிகிறது. பல படகுகளில் தளத்தின் நடுவில் துளையை வைத்து, அங்கிருந்து ஒரு ரப்பர் குழாயைத் தளத்துக்கு அடியில் ஓட்டிப் பின் பலகை வரை கொண்டுபோகிறார்கள். அந்தக் குழாய் வெடித்தால், அல்லது அதைப் பிடித்திருக்கும் கிளிப் துருப்பிடித்து விட்டுவிட்டால், கடல் தளத்துக்கு வராது, நேராகப் படகின் அடிவயிற்றுக்குள் போகும். அங்கே ஒரு மின் பம்பு இருக்கும், தானாக ஓடும், பேட்டரி தீரும்வரை ஓடும். காலையில் வந்து பார்த்தால் கட்டிய கயிறு மட்டும் விறைப்பாக நிற்கும், படகு கீழே. 1851-இன் குழாய்கள் தளத்திலிருந்து நேராக அடிக்குப் போனதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவை படகின் கட்டுமானத்தின் பகுதி, இது பத்து வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டிய பண்டம். மாற்றுபவர்கள் ரொம்பக் குறைவு, ஏனென்றால் அதற்கு முதலில் அப்படி ஒன்று இருப்பது தெரிய வேண்டும்.

இந்தப் பாடங்கள் நம் கரைக்கும் ஒரு சுற்று வந்தன. 1979-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. துறைமுகம் இல்லாத கரைகளில் அலைக்குள் இறங்கி ஏறும் மோட்டார் படகு ஒன்றை உருவாக்குவது அவர்கள் வேலைகளில் ஒன்று. எதிரே இருந்த போட்டியாளன் கட்டுமரம். தண்ணீர் தங்காத, மூழ்காத, இறைக்க வேண்டாத ஒன்றைவிட மேலான ஒன்றை எப்படிச் செய்வது? அவர்களும் மூடிய தளம், அடியில் மிதப்புக்கு நுரை என்ற வழியில்தான் போனார்கள். எஞ்சினைப் பின் பலகையில் தொங்கவிடாமல், சிறிய டீசல் எஞ்சினைப் படகுக்குள் வைத்து, மணல் வந்ததும் தண்டையும் சுழலியையும் தூக்கிக்கொள்ளும்படி ஓர் அமைப்பைச் செய்தார்கள். அதற்கு 'பாப் டிரைவ்' என்று பெயர். எடை எங்கே உட்கார்கிறது என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொண்ட வடிவமைப்பு அது.

படகு வைத்திருப்பவர்களுக்கு, செலவில்லாத ஒரு சோதனை. அமைதியான தண்ணீரில், கரையை ஒட்டி, வழக்கமாக ஏற்றும் எரிபொருளையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றி, அடைப்பான்களை எல்லாம் கழற்றிவிட்டு, வழக்கமாக வருபவர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் பின்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் தளத்தில் எதுவரை வந்து நிற்கிறது என்று ஒரு பென்சில் கோடு போடுங்கள். கோடே போட வேண்டியிராவிட்டால் படகு பீச்சிங் சொன்னபடி நடக்கிறது. கோடு எஞ்சின் தொட்டியோடு நின்றால் ரப்பர் மடல் போதும். தண்ணீர் நிற்காமல் முன்னால் ஏறிக்கொண்டே வந்தால், மடலும் பந்தும் வாங்கும் காசை வைத்துவிட்டு, பேட்டரியையும் எரிபொருள் டாங்கையும் படகின் நடுவுக்கு மாற்றுங்கள். அதோடு தளத்தின் மூடியைத் திறந்து, அந்த ரப்பர் குழாய் எங்கே போகிறது என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.